கம்புகளைக் கயிற்றால் கட்டினால் ஒரு கிழமையில் ஆடத் தொடங்குகிறதே, எந்த முடிச்சுப் போடுவது?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் என்ற ஊருக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகளோடு சேர்ந்து பாடசாலைத் தோட்டத்தில் பாகலுக்கும் புடோலுக்கும் ஒரு பந்தல் போட்டிருக்கிறார்கள். வகுப்பறைக்கு ஒரு சின்ன முக்காலியும் கம்பு, கயிறு கொண்டே செய்திருக்கிறார்கள். கட்டிய அன்று அசையாமல் நின்றது, ஒரு கிழமை போனதும் ஆடுகிறது. எந்த முடிச்சு நல்லது, நைலோன் கயிறா தேங்காய்த் தும்புக்கயிறா, பேசாமல் ஆணி அடித்துவிடலாமா என்று மூன்று கேள்வி. ஆனால் நடுவில் அவர் எழுதிய ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: "முடிச்சு எதுவும் அவிழவில்லை, போட்டபடியே இருக்கிறது, கம்புதான் ஆடுகிறது." அப்படியானால் அவர் கேட்க வேண்டியது எந்த முடிச்சு என்பதல்ல. முடிச்சு அவிழாமலே கட்டு ஏன் தளர்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், மற்ற இரண்டும் போகிற வழியில் வந்துவிடும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். வட்டையில், அதாவது வயல்வெளியில், வாடி என்னும் குடிசை கட்டுவதும் வேலி வரிவதும் அப்பாவிடம் பழகினேன். பிறகு ஆசிரியராகி, நெடுங்காலம் பாடசாலைச் சாரணர்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். இரண்டு இடத்திலும் கண்டது ஒன்றுதான். கட்டுத் தளர்ந்தால் எல்லோரும் முடிச்சைப் பார்ப்பார்கள், கம்பைப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் கம்பு. வெட்டின பச்சைக் கம்பு காயும்போது சுருங்கும். நீளத்தில் அந்தச் சுருக்கம் தெரியவே தெரியாது, தடிப்பில்தான் தெரியும். 40 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பு 2 மில்லிமீற்றர் மெலிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு 6 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்துவிடும். கயிற்றின் நீளம் அப்படியே இருக்கிறது, அது பிடித்துக்கொண்டிருந்த மரம் சிறுத்துவிட்டது. பிறகு எந்த முடிச்சுப் போட்டாலும் ஆடத்தான் செய்யும். நம்முடைய பக்கத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த வரண்ட காற்றில் மெல்லிய கம்புகள் சில நாளிலேயே காயத் தொடங்கிவிடும். மாரியில் கட்டினால் ஈரத்தில் சுணங்கிச் சுணங்கிக் காயும், தளர்வும் பிந்தித் தெரியும். உங்கள் பந்தல் பச்சைக் கம்பில் கட்டியதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரு கிழமையில் எல்லா மூலையும் ஒன்றாகத் தளர்ந்தது என்றால் பச்சைக் கம்பாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தளர்ந்திருந்தால் அது கட்டியவரின் கைப்பிழை. எல்லாம் சேர்ந்து தளர்ந்தால் மரத்தின் வேலை.

ஆகவே கம்பை வெட்டி, நிழலில், நிலத்தில் படாமல் உயர்த்தி அடுக்கி, காய விட்டுக் கட்டுங்கள். மெல்லிய கம்புக்கு இரண்டு மூன்று கிழமை நல்ல வித்தியாசம் காட்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பச்சையிலேயே கட்டலாம், ஆனால் ஒரு கிழமை கழித்து மறுபடி இறுக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்ட வேண்டும். இன்னொன்று, கட்டு வரும் இடத்தில் பட்டையைச் சீவிவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது பட்டை சொரசொரப்பாகக் கயிற்றைப் பிடிப்பதுபோலத் தெரியும். காய்ந்ததும் பட்டை மரத்தைவிட்டுக் கழன்று, கட்டோடு சேர்ந்து சுழலும். வேலிக்கம்பில் கையை வைத்துத் திருகிப் பார்த்தால் இது தெரியும்: கயிறு கம்பைப் பிடிக்கவில்லை, கழன்ற பட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எந்த மரம் என்று கேட்டால், பாடசாலைக்கு மூங்கில், சவுக்கு, பூவரசங் கிளை, வேலியில் நிற்கும் கிளிரிசிடியா எல்லாம் போதும். வாவிக்கரைக் கண்டல் கம்பு நேராக இருக்கிறது, பக்கத்தில் கிடைக்கிறது என்று அதை வெட்டாதீர்கள். அது சட்டப்படி காப்பாற்றப்படும் மரம். பிள்ளைகளுக்கு நாமே அதை வெட்டிக் காட்டக் கூடாது. மூங்கில் வழுக்கும், அதனால் நட்ட மூங்கிலில் கணுவுக்குச் சற்று மேலே கட்டு வரும்படி வையுங்கள். கயிறு கீழே இறங்கப் பார்த்தால் கணு தடுக்கும். கிளிரிசிடியாவைப் பச்சையாக நட்டால் அது தளிர்த்துவிடும். பந்தல்காலாக அது நல்லதுதான், உயிருள்ள கால் உக்காது. ஆனால் உயிருள்ள மரம் பருக்கும், நைலோன் கயிற்றால் வரிந்துவிட்டால் கயிறு பட்டைக்குள் இறங்கி மரத்தை நெரித்துவிடும். அதற்குத் தும்புக்கயிறு போட்டு, அடிக்கடி பார்த்து, தேவைப்பட்டால் அறுத்து மாற்றிக் கட்ட வேண்டும்.

இனி கட்டு. நட்ட கம்பும் அதற்குக் குறுக்கே வரும் கம்பும் சந்திக்கும் இடத்தைச் சொல்கிறேன், பந்தலில் முக்கால்வாசிக் கட்டு அதுதான். குறுக்குக் கம்பு வரப்போகும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நட்ட கம்பில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றின் மேலாகக் குறுக்கே கொண்டுபோய் இன்னொரு சுற்றுச் சுற்றி, நுனியை அந்த இரண்டாம் சுற்றுக்குள்ளேயே செருகி இழுங்கள். சாரணர் புத்தகத்தில் இதைத்தான் குளோவ் ஹிட்ச் என்பார்கள். மிஞ்சிய சின்ன நுனியை நீளக் கயிற்றோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள், அது சுற்றுகளுக்குள் மறைந்து இறுகும். இப்போது குறுக்குக் கம்பை வைத்து, கயிற்றை அதன் முன்னால் மேலே ஏற்றி, நட்ட கம்பின் பின்னால் சுற்றி, மறுபக்கம் குறுக்குக் கம்பின் முன்னால் கீழே இறக்கி, மறுபடி நட்ட கம்பின் பின்னால் கொண்டுவாருங்கள். அது ஒரு முழுச் சுற்று. மூன்று நான்கு சுற்றுப் போதும். ஒவ்வொரு சுற்றும் குறுக்குக் கம்பில் முந்தைய சுற்றுக்கு வெளிப்பக்கமாகவும், நட்ட கம்பில் முந்தைய சுற்றுக்கு உட்பக்கமாகவும் படிய வேண்டும். கயிறு கயிற்றின் மேல் ஏறினால் அது பிறகு சறுக்கி இறங்கும், இறங்கின அளவுக்குத் தளரும்.

இதுவரை செய்ததைப் பெரும்பாலான ஆட்கள் செய்கிறார்கள். இங்கேயே முடிச்சுப் போட்டு நிறுத்தியும் விடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளும் இங்கேதான் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு வேலை இருக்கிறது, முழுப் பலமும் அதில்தான். கயிற்றை இப்போது இரண்டு கம்புக்கும் இடையில் விட்டு, ஏற்கெனவே போட்ட சுற்றுகளின் இடுப்பைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று சுற்று வரிந்து இழுங்கள். நான் பிள்ளைகளுக்கு இதை இறுக்குச் சுற்று என்று சொல்லிக் கொடுப்பேன். இந்தச் சுற்று கம்பைத் தொடாது, கயிற்றைத்தான் பிடித்து நெரிக்கும். துணி காயப்போடும் கொடியின் நடுவில் ஒரு ஈரச் சாரத்தைப் போட்டால் இரண்டு பக்கத்து ஆணியும் பிடுங்கப் பார்க்கும் அல்லவா, அந்தக் கணக்குத்தான் இங்கேயும். இழுபட்டு நிற்கும் கயிற்றை நடுவில் பக்கவாட்டாக இழுத்தால், நாம் கொடுத்ததைவிடப் பல மடங்கு இழுவை அந்தக் கயிற்றில் ஏறும். நான்கு சுற்றுப் போட்டு இறுக்குச் சுற்று இல்லாத கட்டைவிட, இரண்டு சுற்றும் இரண்டு இறுக்குச் சுற்றும் போட்ட கட்டு நன்றாக நிற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில், முதலில் போட்ட அதே முடிச்சைக் குறுக்குக் கம்பில் போட்டு முடியுங்கள். முடிச்சின் வேலை நுனியை வைத்திருப்பது மட்டும்தான்.

இழுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். வெறும் கையால் இழுத்தால் கை சிவக்கும், கயிறு இறுகாது. ஒரு சாண் நீளத் தடியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தடியை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுத்துச் சாயுங்கள். ஒரு பிள்ளை இழுக்கும்போது இன்னொரு பிள்ளை கட்டின் மேல் கட்டையால் மெதுவாகத் தட்டட்டும். தட்டத் தட்டக் கயிறு படிந்து, விரலளவு கயிறு கூடுதலாக வெளியே வரும். தும்புக்கயிறு நன்றாக இறுகும்போது கிறீச் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்கும்வரை இழுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. ஒவ்வொரு சுற்றையும் இப்படி இறுக்க வேண்டும். எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரேயடியாக இழுத்தால் உள்ளே இருக்கும் சுற்றுக்கு அந்த இழுப்புப் போய்ச் சேராது.

கயிறு எவ்வளவு வேண்டும் என்பதற்குச் சாரணர்களிடம் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கம்பின் தடிப்பையும் கூட்டி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 அடி. ஒன்றரை அங்குலக் கம்பு இரண்டென்றால் 9 அடி. கொஞ்சம் மிஞ்சும், பரவாயில்லை. அந்தத் தடிப்புக் கம்புக்கு 6 மில்லிமீற்றர் கயிறு அளவானது. விரல் தடிப்புக் குச்சிக்குச் சணல் நூல் போதும். மெல்லிய குச்சியில் தடித்த கயிறு போட்டால் சுற்று வளையாமல் விறைத்து நிற்கும், உள்ளே இடைவெளி விழும்.

தும்பா நைலோனா என்பதற்கு வருகிறேன். நம் கடைகளில் நைலோன் என்று சொல்லித் தரும் நீலம், பச்சைக் கயிறு பெரும்பாலும் நைலோனே அல்ல, வேறு பிளாஸ்டிக். பலத்தில் தும்பைவிடக் கூடத்தான். ஆனால் வழுக்கும், முடிச்சில் விறைத்து நிற்கும், வெயிலில் கிடந்தால் நாளாக ஆகத் தூள் தூளாக உதிரும். கையால் தடவினால் தூசி ஒட்டும், அதைக் கண்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அது பிளாஸ்டிக் தூள், பாகற்கொடியின் அடியில் உங்கள் தோட்ட மண்ணில்தான் விழும். தும்புக்கயிறு சொரசொரப்பு, ஒரு சுற்று இன்னொரு சுற்றைப் பிடித்துக்கொள்ளும். உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் அதை இலகுவில் கெடுக்காது, மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுத்தானே தும்பே எடுக்கிறோம். பந்தல் கழிந்ததும் அப்படியே அறுத்துக் குப்பைக்குழியில் போடலாம். பந்தலுக்கும் பிள்ளைகள் பழகுவதற்கும் நான் தும்புக்கயிற்றையே சொல்வேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஆட்கள் அதை மறந்துபோகிறார்கள். பழைய சைக்கிள் ரியூப். அதை ஒரு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். பச்சைக் கம்பு சுருங்கினால் இழுபட்ட ரப்பரும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், மறுபடி இறுக்கும் வேலை மிகக் குறைவு. வெயில் படும் இடத்தில் நாளடைவில் வெடித்துவிடும், ஒரு பயிர்க் காலத்துக்குத் தாங்கும். சைக்கிள் திருத்தும் கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். மூங்கிலில் கயிறு வழுக்கினால் அடியில் இந்த ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே கயிறு போடலாம்.

கயிற்றை நனைத்துக் கட்ட வேண்டுமா என்பதில் ஆட்களுக்கு ஆட்கள் பேச்சு வேறு. இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். தும்புக்கயிற்றை நனைத்தால் இளகும், கையைக் கிழிக்காது, கம்பில் நன்றாகப் படியும். இது உறுதி. பிரம்பை ஊறவைத்துக் கட்டினால் காயும்போது இறுகும், கதிரை பின்னுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இதுவும் உறுதி. ஆனால் திரித்த கயிறும் அதேபோல் காய்ந்து இறுகும் என்பதை நான் நம்பவில்லை. திரித்த நார்க்கயிறு நனையும்போதுதான் ஊதிக் குறுகும், காயும்போது பழைய நீளத்துக்குத் திரும்பும். அப்படிப் பார்த்தால் சொட்டச் சொட்ட நனைத்துக் கட்டியது காய்ந்தபின் சற்றுத் தளர வேண்டும். வேலி வரியும் பெரியவர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுடைய வேலியும் நன்றாகத்தான் நிற்கிறது. ஒருவேளை நனைத்ததால் கயிறு நன்றாகப் படிந்து, அந்தப் படிவுதான் தாங்குகிறதோ என்னவோ. நான் தண்ணீர் தெளித்துச் சற்று ஈரமாக்கி, கையில் பிடித்தால் சொட்டாத பதத்தில் கட்டுவேன். உங்கள் வகுப்பில் ஒரே தடிப்புக் காய்ந்த கம்பில் ஒரு கட்டு ஈரத்திலும் ஒரு கட்டு காய்ந்தபடியும் போட்டு, ஒரு கிழமை கழித்துப் பிள்ளைகளையே அசைத்துப் பார்க்கச் சொல்லலாம். நல்ல விஞ்ஞானப் பாடம்.

ஆணி வேண்டாம். உருண்டைக் கம்பும் உருண்டைக் கம்பும் ஒன்றையொன்று தொடுவது ஒரு புள்ளியில்தான். அதன் வழியே ஒரு ஆணி அடித்தால் கம்பு அந்த ஆணியைச் சுற்றித் திரும்பும். மெல்லிய கம்பும் மூங்கிலும் பிளக்கும், திருக்கோவில் போலக் கடற்கரை ஊரில் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், பந்தல் பிரிக்கும்போது பிள்ளைகளின் காலில் ஏறும். கட்டுக்கம்பியும் பிள்ளைகள் கைக்கு ஆகாது.

கட்டு எல்லாம் சரியாகப் போட்டும் பந்தல் ஆடினால் அது உருவத்தின் குறை. நான்கு கம்பைச் சதுரமாகக் கட்டினால், கட்டு எவ்வளவு இறுகினாலும் அது சரிந்து சாய்சதுரமாகப் பார்க்கும். மூன்று கம்பை முக்கோணமாகக் கட்டினால், கம்பு முறிந்தாலொழிய அது உருமாறாது. ஆகவே பந்தலின் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கம்பு கொடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு சாய்வுக் கம்பு கொடுத்தால், அவை ஒன்றையொன்று வெட்டும் நடுவில் தொடாமல் விலகி நிற்கும். அங்கே முதலில் இரண்டையும் சேர்த்து ஒரு சுருக்குப் போட்டு இழுத்து நெருக்கிவிட்டு, ஒரு பக்க மூலைவிட்டமாக மூன்று சுற்று, மறுபக்க மூலைவிட்டமாக மூன்று சுற்று, பிறகு இடையில் இறுக்குச் சுற்று. வட்டையில் வாடி கட்டுபவர்கள் இன்னொரு வழியையும் கையாள்வார்கள். கவருள்ள கப்பை, அதாவது நுனி இரண்டாகக் கிளைத்த காலை நட்டு, வளை என்னும் மேல்கம்பை அந்தக் கவரில் படுக்க வைப்பார்கள். பாரத்தை மரமே தாங்கும், கயிறு விலகாமல் பிடித்துக்கொண்டால் மட்டும் போதும். காய்த்துத் தொங்கும் புடோல் பந்தலுக்கு நாலு மூலையிலும் கவர்க்கப்பு நட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

முக்காலிக்குக் கட்டு வேறு. மூன்று கம்பையும் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, ஓரக் கம்பில் முடிச்சிட்டுத் தொடங்கி, ஒன்றுக்கு மேல், அடுத்ததுக்குக் கீழ், அடுத்ததுக்கு மேல் என்று பாய் பின்னுவதுபோல் ஐந்தாறு முறை போய் வாருங்கள். பிறகு இரண்டு இடைவெளியிலும் இரண்டிரண்டு இறுக்குச் சுற்று. இங்கே மட்டும் உயிரைக் கொடுத்து இழுக்காதீர்கள். காலை விரிக்கும்போதே கட்டு தானாக இறுகும், முன்பே இறுகியிருந்தால் கால் விரியாது, அல்லது கயிறு அறும். நடுக்கம்பை ஒரு பக்கமும் ஓரக்கம்பு இரண்டை மறுபக்கமும் விரித்து, கால்களின் பாதி உயரத்தில் மூன்று குறுக்குக் கம்பு கட்டிவிட்டால் கால் மேலும் விரியாது. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் முதலில் கொடுப்பேன். மேடு பள்ளத்திலும் மூன்று கால் ஆடாமல் நிற்கும், முதல் நாளே வென்ற சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் எழுதியது கொடிப் பந்தலுக்கும், சின்ன முக்காலிக்கும், பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குள் நிற்கும் சாமான்களுக்கும். யானைக் காவலுக்குக் கட்டும் பரண், ஆட்கள் ஏறும் மேடை, விழாப் பந்தல் இவற்றை ஒரு பதிலை வாசித்துவிட்டுக் கட்டக் கூடாது. எந்தக் கம்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்பைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. உள்ளே வண்டு துளைத்த கம்பும் வெளியே நல்ல கம்பாகத்தான் தெரியும். முக்காலியில் பிள்ளையை உட்கார வைக்குமுன் அந்தப் பிள்ளையின் பாரத்தைப்போல் இரண்டு மடங்கு மணல் மூட்டையை ஏற்றி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் சூறாவளி எச்சரிக்கை வந்தால் பந்தலின் மேல்கம்புகளை அவிழ்த்துப் படுக்க வைத்துவிடுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், காற்றில் பறக்கும் ஒரு கம்பு என்ன செய்யும் என்று அவர்களைக் கேளுங்கள்.

இப்போது நிற்கும் பந்தலைப் பிரிக்கத் தேவையில்லை. பாகல் ஏறத் தொடங்கியிருந்தால் பிரிப்பதே கேடு. காய்ந்த மரத்தில் விரல் நீளத்தில் சின்ன ஆப்புகள் சீவி, தளர்ந்த கட்டில் கயிற்றுக்கும் கம்புக்கும் இடையில், கயிறு கிடக்கும் பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டி இறக்குங்கள். ஆப்பின் ஓரங்களை மழுக்கிவிடுங்கள், கூராக இருந்தால் கயிற்றை வெட்டும். அதற்கும் அடங்காத கட்டுக்கு, பழைய கயிற்றின் மேலேயே புதுக் கயிற்றால் மூன்று இறுக்குச் சுற்றுப் போட்டால் சரி. சாய்வுக் கம்பு இல்லாத பக்கங்களுக்கு ஒவ்வொன்று கொடுங்கள். இவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் பிள்ளைகளோடு செய்து முடிக்கலாம். கம்பு இதற்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும் என்பதால் இந்த முறை இறுக்கினது நிற்கும். மாரி மழை தொடங்கியதும் ஒருமுறை எல்லாக் கட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள்.